பூக்கட்டிப் பார்த்த கட்சி

அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் தனலெட்சுமிதான். கட்சி உடையாமல் காக்க அவளுக்கு வேறு வழி தென்படவில்லை.

கட்சி சிறியது. தலைநகரின் பிரிக்பீல்ட்சில் பூமாலைக் கடைகளுக்கு மேல் ஒரே ஓர் அறை; கீழிருந்து மல்லிகையும் ஈரவாழைநாரும் கலந்த வாசம் படியேறி வரும். கேரி தீவின் கடலோரத் தோட்டம் ஒன்று கைமாறி, அங்கே எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டி வாழ்ந்த நாற்பது குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று ஆணை பிறந்த ஆண்டில் அது தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ரெங்கசாமி, வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். 'உழைப்போர் அறக்கட்சி' என்று பெயரிட்டார். சிரித்தவர்கள் பலர். ஆனால் செந்தூலின் அடுக்குமாடிகளிலும் கிள்ளானின் கடைத்தெருவிலும் அந்தப் பெயர், ஆடியில் பெருகும் நீர்போல, ஓசையின்றி ஏறிக்கொண்டே வந்தது. சென்ற மாநிலத் தேர்தலில் எவரும் எதிர்பாராமல் ஓர் இடத்தை வென்றது. வென்றவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த கார்த்திகேசு. சட்டமன்றத்தில் அரசின் பெரும்பான்மையோ அந்த ஒற்றை இடத்தைப் பற்றிக்கொண்டு நின்றது.

அதுவரை கட்சியின் கடிதத்துக்குப் பதில் எழுதாத அரசினர் கார் அனுப்பினார்கள். ஆதரவுக்கு ஈடாக, நாற்பது குடும்பங்களுக்கும் அவர்கள் வாழும் மண்ணையே பட்டா எழுதித் தருவதாக அரசு ஒப்பியது. உடன்படிக்கையில் கட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அந்த வாரத்தில் ரெங்கசாமி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

தனலெட்சுமி கட்சியின் பொதுச்செயலாளர். அந்த நாற்பது வீடுகளில் ஒன்றில் வாழ்பவளும் அவளே. தலைவர் இல்லாத கட்சியோடு அரசு கையெழுத்திடாது. தலைவர் பதவிக்கு நிற்க இருவர் இருந்தார்கள். கட்சிச் சட்டமோ, பேராளர்கள் கூடி மறைவாக வாக்களித்தே தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. பேராளர்களில் பாதிப்பேர் கார்த்திகேசுவின் ஆட்கள். மறுபாதி செந்தூல்காரர்கள், துணைத்தலைவர் இருதயத்தின் பின்னால் நின்றவர்கள். இருதயம் நெடுங்காலம் ரயில் ஓட்டியவர், தொழிற்சங்கக்காரர், தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவர். வாக்குப் பெட்டி திறந்தால் தோற்றவர் பக்கம் வெளியேறும் என்பதை மூவரும் அறிந்திருந்தனர். ஆகவே மாநாட்டுக்கு முன்பே ஒருவர் விலகிவிட வேண்டும். ஒரே பெயர் முன்மொழியப்பட வேண்டும். விலகுவது யார் என்பதே கேள்வி.

"பூக்கட்டிப் பாக்கலாம்ணே. எங்க எஸ்டேட்டு அம்மா முன்னாடி. யாரு பேருக்கு வருதோ அவங்க நிக்கட்டும்" என்றாள் அவள், அந்த மேல்மாடி அறையில்.

இருதயம் சிரித்தார். "ஏம்மா தனம், கோயில்ல வாசகம் வாசிக்கிற ஆளைக் கொண்டுபோயி அம்மன் முன்னாடி நிறுத்துறியே. ஃபாதர் கேட்டா என்ன சொல்றது?"

"கார்த்திகேசுக்கு டிரைவரா வந்தேன்னு சொல்லிடுங்க அண்ணே" என்றார் கார்த்திகேசு.

"ஒனக்கு நான் டிரைவரா? நீ மூணு தடவ ஃபெயிலாகி, நான் பக்கத்துல உக்காந்து கத்துக்குடுத்த பிறகுதானே லைசென்ஸே எடுத்த!"

மூவரும் சிரித்தார்கள். பிறகு இருதயம் சன்னலருகே போய் நின்றார். கீழே மோனோரயில் நிலையத்துக்கு விரையும் கூட்டத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எங்கம்மாவைப் பெத்தவங்க அந்தத் தீவுலதான், ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டுனாங்க" என்றார் திரும்பாமலே. "அந்த நாப்பது வீட்டுக்காக வரேன். ஆனா ஒண்ணு, தோட்டத்த விட்டு வெளியில பேச்சு போவக்கூடாது."

"போவாதுண்ணே" என்றாள் தனலெட்சுமி.

*

வெள்ளிக்கிழமை காலை. பாலம் கடந்து, செம்பனைகளின் இருண்ட வரிசைகளுக்கு நடுவே சென்ற செம்மண் பாதை அம்மன் கோயிலில் முடிந்தது. தோட்டத்தார் அனைவரும் நீராடி, தூய ஆடை உடுத்தி நின்றிருந்தனர். கட்சிக்குத் தலைவரை அன்னையே தேர்ந்தளிக்கப் போகிறாள் என்ற பெருமிதம் அவர்கள் முகங்களில் நெய்விளக்கைப் போல் நின்று எரிந்தது.

கார்த்திகேசுவுக்குச் செவ்வரளி; இருதயத்துக்கு நந்தியாவட்டை. பூசாரி இரண்டையும் வெவ்வேறாக வாழையிலையில் மடித்து, ஒரே அளவாக நாரால் கட்டி, குலுக்கி, அன்னையின் பாதத்தில் வைத்தார். பொட்டலத்தை எடுக்கச் சிறுபிள்ளை ஒன்றைக் கூப்பிடுவதே வழக்கம். பூசாரி கூட்டத்தை நோக்கித் திரும்பியபோது கார்த்திகேசு கையமர்த்தினார்.

"புள்ள எதுக்கு? அண்ணனே எடுக்கட்டும். அப்புறம் எவனும் ஒரு வார்த்த சொல்ல முடியாது, பாருங்க."

அன்பினால் சொன்னாரா, கணக்கிட்டுச் சொன்னாரா என்பதைத் தனலெட்சுமியால் அன்றும் உணர முடியவில்லை, பின்னாளிலும் முடியவில்லை. இருதயம் ஒருகணம் தயங்கினார். அவர் கை இடப்பக்கப் பொட்டலத்தை நோக்கிச் சென்றது, நடுவழியில் நின்றது, விலகி வலப்பக்கத்தை எடுத்தது. நாரைப் பூசாரி அவிழ்த்தார்.

செவ்வரளி.

தோட்டத்தின் உள்ளே எங்கோ ஒரு காய்ந்த மட்டை முறிந்து விழுந்த ஓசை மட்டும் கேட்டது. இருதயம் புன்னகையோடு கார்த்திகேசுவின் தோளைத் தட்டினார்.

அப்போதுதான் கோயில் பொறுப்பாளர் இராஜம்மா குங்குமத் தட்டோடு வந்தாள். குலை வெட்டும் கைகளைக் கொண்ட, உரத்த குரலுடைய பெண் அவள். மகிழ்ச்சி மிகுதியில் இருவர் நெற்றியிலும் அகலமாகக் குங்குமத்தை இழுத்துவிட்டாள். "எங்க ரெண்டு ராசாவும் நல்லாருக்கணும்!" கூட்டத்தில் எவரோ கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார்.

*

மறுவாரமே அந்தப் படம் செந்தூலை அடைந்தது. கட்சியின் கைப்பேசிக் குழுவில் தொடங்கி, தேவாலயத்தின் அன்பியம் எனும் ஜெபக்குழுவுக்குத் தாவி, வீடுவீடாக நுழைந்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு அம்மன் முன் நிற்கும் இருதயம். ஞாயிறு வாசகர் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் போயிற்று. எவரும் அவரிடம் காரணம் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. ஆனால் வழிபாடு முடிந்து வாசலில் நின்றால், நேற்றுவரை கைகுலுக்கியவர்கள் கார்ச் சாவியைத் தேடினார்கள்.

தனலெட்சுமி செந்தூலுக்குச் சென்றபோது அவர் மகன் கேவின் கதவைத் திறந்தான். அமெரிக்காவில், ஓஹையோவில் அரசியல் படித்துத் திரும்பியவன். கட்சியின் இளைஞர் பிரிவுத் தலைவன்.

"படத்த யாரு அனுப்புனது?" என்று உள்ளிருந்து கேட்டார் இருதயம்.

"தெரியலண்ணே. சத்தியமாத் தெரியல."

"நான் என் சாமிகிட்டயே இதுவரைக்கும் பதவி கேட்டதில்ல தனம். வேற வாசல்ல போயி கைய நீட்டுனேன். என் கையே என்னைக் கவுத்துடுச்சு." அவர் தம் வலக்கையைப் பிறருடைய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெலகுறேன்னு சொன்னது வெலகுறேன்தான். ஆனா மாநாட்டுக்கு வரமாட்டேன். அவன் கழுத்துல மாலை விழுறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"அப்பா வெலகலாம் ஆன்டி, நாங்க வெலகல" என்றான் கேவின். "ஓட்டு போடாம எப்படித் தலைவரு? சட்டத்துல பூவுன்னு எங்கயாச்சும் எழுதிருக்கா?"

"அண்ணன் ஒத்துக்கிட்டாருப்பா. நாப்பது குடும்பம் இதுக்காகக் காத்திருக்கு."

"அமெரிக்காவுலயும் இதே கததான். ரெண்டு பெரிய கட்சிக்கு நடுவுல மூணாவதா ஒண்ணு மொளைக்கும். ஒரே ஒரு எலெக்‌ஷன்ல எல்லாரையும் பயமுறுத்தும். அப்புறம் ஒரே ஊர்ல, பக்கத்துப் பக்கத்து ஹால்ல ரெண்டு மாநாடு போடும். அதோட முடிஞ்சுது லா."

"முடியும்னு தெரிஞ்சுக்கிட்டே ஏன்பா செய்யிற?"

கேவின் புன்னகைத்தான். "முடியப்போறது தெரிஞ்சா, முதல்ல ஓடுறவனுக்குத்தான் பேரும் கொடியும் மிஞ்சும் ஆன்டி."

அன்று மழைக்கு முன் எழும் மஞ்சள் வெளிச்சம் செந்தூல் முழுவதும் படர்ந்திருந்தது. ரயில் நிலையம் வரையில் அவளுக்குப் பின்னால் எவரோ நடந்து வருவதுபோன்ற உணர்வு. திரும்பிப் பார்த்தாள். எவரும் இல்லை.

*

மாநாடு கிள்ளானில் நடந்தது. செந்தூல் பேராளர்கள் எழுந்து வாக்குப் பெட்டி வேண்டும் என்றார்கள். மேடையில் மாலையோடு நின்ற கார்த்திகேசு ஒலிபெருக்கியைப் பற்றினார். இருதயம் விலகிவிட்டார் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னதோ வேறு.

"எனக்குக் கெடைக்க வேண்டிய எடத்துலேர்ந்து தீர்ப்பு கெடைச்சாச்சு. அத நான் பெட்டியில போட்டுக் குலுக்கமாட்டேன்!"

"எங்க கெடைச்சது? சொல்லுங்க பாஸ், எங்க கெடைச்சது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். "மாரியாத்தா மெசேஜ் அனுப்புனாளா?"

நாற்காலி ஒன்று பறந்தது. செந்தூல்காரர்கள் வெளியேறி, அன்று பிற்பகலே அதே தெருவின் மறுமுனையில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, வராத இருதயத்தையே தலைவராக அறிவித்தார்கள். மாலைக்குள் ஒரே கொடிக்கு இரு தலைவர்கள். மறுநாள் செய்தித்தாளில் இருவர் படங்களும் அருகருகே வந்தன, திருமண அழைப்பிதழ் போல.

செந்தூல்காரர்களின் புகார், கட்சிகளைப் பதிவு செய்யும் சங்கப் பதிவிலாகாவுக்குச் சென்றது. மாநிலச் செயலகத்திலிருந்து தனலெட்சுமிக்குத் தொலைபேசி வந்தது. மரியாதையான குரல், மலாய் மொழியில் பேசியது. அரசு யாரோடு கையெழுத்திட வேண்டும் என்பதைக் கட்சியே முடிவு செய்யட்டும்; பதிவிலாகா ஒரு தலைவரை உறுதி செய்யும்வரை நிலத்தின் கோப்பு காத்திருக்கும்; வெகுநாள் காத்திருக்கும் என்று உறுதி கூற இயலாது.

அன்று மாலை தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், வீடுகளின் வரிசைக்கு எதிரே, புல்லில் அடிக்கப்பட்ட புதிய முளைக்குச்சிகளை அவள் கண்டாள். அளந்தவர்கள் யார் என்று எவருக்கும் தெரியவில்லை.

*

"ஒண்ணுமில்ல தனம், ஒரு பேப்பர்தான்" என்றார் கார்த்திகேசு, தம் துணிக்கடையின் பின்னறையில். சத்தியப் பிரமாணப் பத்திரம் மேசையில் இருந்தது. கிள்ளான் மாநாட்டில் முறைப்படி மறைவான வாக்கெடுப்பு நடந்தது என்றும், கோயில் சடங்கு எதனாலும் தலைவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றும், அப்படி ஒரு சடங்கு நடக்கவே இல்லை என்றும் அதில் இருந்தது. "பொதுச்செயலாளர் நீ. ஒன் கையெழுத்து இருந்தாத்தான் நிக்கும்."

"ஓட்டு நடக்கலயேண்ணே."

"எல்லாரும் கையத் தட்டுனாங்கல்ல? அது ஓட்டு மாதிரிதான்."

"அம்மாதான ஒங்களத் தலைவராக்குனா. இப்ப அவளே இல்லைன்னு எழுதச் சொல்றீங்களே."

கார்த்திகேசு நெற்றியைத் தேய்த்தார். அவர் கண்களிலும் உறக்கமின்மை தெரிந்தது. "பூவுல தேர்ந்தெடுத்தோம்னு சொன்னா ரெண்டு பேரையும் சேத்து ரத்து பண்ணிடுவாங்க. கட்சியே போயிடும். கட்சி போனா ஒங்க நாப்பது வீட்டுக்கு யாரு பேசுவா? அம்மா கோவிச்சுக்க மாட்டா தனம். ஆபீசருதான் கோவிச்சுக்குவாரு."

சிறுவயது முதல் பொய்யாணை அவளுக்குப் பாம்புப் புற்றில் கைவிடுவதை ஒத்தது. அன்னையின் வாக்கை நிலைநிறுத்த, அன்னை வாய் திறக்கவே இல்லை என்று ஆணையிட வேண்டும். அடுத்த கடைவரிசையில், சத்தியம் வாங்கி முத்திரையிடும் பிரமாண ஆணையரின் அலுவலகத்துக்குப் பத்திரத்தோடு போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது உண்மைதானே?" என்றார். அவள் வாயில் எழுந்த 'ஆமாம்' வேறொருத்தியின் குரலாய்க் கேட்டது.

தோட்டத்தாரிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அன்று பூக்கட்டியதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களே. ஆனால் உங்கள் அம்மனின் தீர்ப்பை மறைத்துப் பேசுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? தீவுக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

*

விசாரணை புத்ராஜெயாவில், குளிரூட்டிய அறை ஒன்றில் நடந்தது. விசாரித்த அதிகாரி கனிவான பெண்மணி. ஒரு பக்கம் கார்த்திகேசுவும் தனலெட்சுமியும். எதிர்ப்பக்கம், மகனின் வற்புறுத்தலுக்கு இணங்கி வந்த இருதயமும் கேவினும். ரெங்கசாமியின் சவப்பெட்டியை ஒன்றாகத் தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார். கேரி தீவின் ஒரு கோயிலில் சடங்கு நடத்தித் தலைவரைத் தேர்ந்ததாக ஒரு பேச்சு உலவுகிறதே, உண்மையா என்றார்.

"இல்லை" என்றாள் தனலெட்சுமி.

அதிகாரி இருதயத்தை நோக்கினார். கேவின் தந்தையின் பக்கம் ஆவலோடு சாய்ந்தான். அவர்கள் வழக்கின் உயிர்நிலை இந்தப் பதில்தான். பூவினால் தேர்ந்தார்கள் என்று அவர் ஒரு சொல் சொன்னால் கார்த்திகேசு அந்தக் கணமே வீழ்வார்.

இருதயம் மேசையில் கிடந்த தம் கையையே பார்த்திருந்தார். "இல்லை. அன்று அது திருவிழா. விருந்தாளியாகப் போனேன்."

அந்த அறையில் இரு அணிகளும் உடன்பட்டது அந்த ஒரு பொய்யில் மட்டுமே.

வெளியே தாழ்வாரத்தில் கேவின் வெடித்தான். "அப்பா! அதுதானே நம்ம கேசே! ஏன் மறச்சீங்க?"

"நான் கைய நீட்டுனேன்னு என் வாயாலயே சொல்லி, அது பேப்பர்ல வந்து, அப்புறம் நான் எந்தக் கோயில் வாசப்படிய மிதிக்கிறது?"

"அப்ப நீங்களும் வேணாம், அவரும் வேணாம். யூத் எல்லாம் என் பின்னாடி வரும்" என்று சொல்லிவிட்டு, எவருக்கோ தொலைபேசியில் பேசிக்கொண்டே மின்தூக்கியில் ஏறினான். இரண்டாக நின்ற கட்சி கதவு மூடுவதற்குள் மூன்றாயிற்று.

கார்த்திகேசு மெல்ல அருகே வந்தார். "நன்றிண்ணே."

"ஒனக்காகச் சொல்லலடா" என்றார் இருதயம். தனலெட்சுமியின் முகத்தைப் பார்க்காமலே நடந்து போனார்.

எனினும் அவள் உள்ளத்தில் ஒரு சிறு வெளிச்சம் இருந்தது. பொய்தான், ஆனால் நின்றுவிட்டது. மறுப்பவர் எவருமில்லை. கார்த்திகேசு உறுதி செய்யப்படுவார், கையெழுத்திடுவார், நாற்பது வீடுகள் நிற்கும். பாவம் தன்னோடு போகட்டும். பேருந்தில் அமர்ந்து பாலத்தைக் கடக்கும்போது, அறியாமலே கைகூப்பினாள். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள்.

*

பிற்பகல் வெயில் சாயும் வேளையில் தோட்டத்தை அடைந்தாள். வழக்கத்துக்கு மாறாக எல்லாரும் கோயில் முன் கூடியிருந்தார்கள். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. ஏதோ நற்செய்தி வந்த வீட்டைப்போல் இருந்தது.

"வாங்கக்கா!" என்று இராஜம்மா ஓடி வந்தாள். "நீங்க அங்க போனீங்க, அவங்க இங்க வந்தாங்க!"

"யாரு?"

"பதிவிலாகா ஆபீசருங்க. ரெண்டு பேரு, ஒருத்தரு தமிழ்ப் பையன்தான். காலைல வந்து, இங்க பூக்கட்டிப் பாத்தது நெசமான்னு கேட்டாங்க. நாங்க சும்மா விட்டோமா? பூசாரி பொட்டலம் கட்டிக் காட்டுனாரு. இருதயம் அண்ணன் எங்க நின்னாரு, எந்தப் பொட்டலத்த எடுத்தாரு, எல்லாத்தையும் நான் நடிச்சே காட்டிட்டேன்லா!"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"அம்மா குடுத்த தலைவர எவனாலயும் மாத்த முடியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு வீடு பாக்கியில்ல."

தனலெட்சுமியின் கைப்பை தோளிலிருந்து நழுவியது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

"அந்தப் பையன் கேட்டான், ஒங்க செயலாளரும் இதையேதான் சொல்வாங்களான்னு" என்றாள் இராஜம்மா, முகம் மலர. "எங்க அக்காவுக்குப் பொய் வராது தம்பின்னு நான்தான் சொன்னேன். நல்லாச் சொன்னோமாக்கா?"

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. கார்த்திகேசுவின் பெயர். நின்றது, மீண்டும் அதிர்ந்தது. எதிரே, முளைக்குச்சிகளுக்கு அப்பால், செம்பனைகளுக்குள் இருள் இறங்கத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் நாற்பது வீட்டு முகங்கள், அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காக ஒளியோடு காத்திருந்தன.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள் தனலெட்சுமி. "நீங்க சொன்னதுதான் உண்மை."

பிறகு தரையில், அவர்கள் நடுவே அமர்ந்தாள்.

"இராஜம்மா, வீட்டுல இருக்கிறவங்களையும் கூப்பிடு. எல்லாரும் வந்து உக்காருங்க. நான் அங்க என்ன சொன்னேன்னு ஒங்ககிட்ட சொல்லணும்."